வானிலிருந்து படித்த வரலாறு

வரலாற்றுக்கு மூலங்கள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், பிறநாட்டார் எழுதிய குறிப்பு என்று மாணவர்கள் தடையின்றி விடை பகர்வார்கள். நாம் அனைவரும் பள்ளியில் அவ்வாறே படித்தோம். ஆயினும் அந்தப் பட்டியலில் ஒன்று பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதுதான் நிலம். பல நூற்றாண்டுகளாக மக்கள் உழுதும் வெட்டியும் கரை எழுப்பியும் வாழ்ந்த நிலம், அவர்கள் செயல்களைத் தன்மேல் பதித்து வைத்திருக்கிறது. ஆனால் நிலத்தின்மேல் நின்றுகொண்டே அதைப் படிப்பது எளிதன்று. சுவரோடு முகத்தை ஒட்டி நிற்பவனுக்குச் சுவரில் தீட்டிய ஓவியம் தெரியாது. பத்தடி பின்னே சென்றால்தான் உருவம் புலப்படும். நிலத்தைப் பார்ப்பதற்குப் பின்னே செல்வது என்பது மேலே ஏறுவதுதான். அந்த வாய்ப்பை நமக்கு அளித்தது ஆகாய விமானம்.

இவ்வுண்மையை உலகுக்கு நன்கு எடுத்துக்காட்டியவருள் ஒருவர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் அவர் போர் விமானத்தில் அமர்ந்து, கீழேயுள்ள நிலைகளைக் கவனித்துக் குறிக்கும் பணியை ஆற்றினார். 1920-இல் பிரிட்டனின் நில அளவைத் துறையில் முதல் தொல்லியல் அலுவலராக அமர்ந்தார். அவரும் அலெக்சாண்டர் கெய்லர் என்பவரும் 1924-இல் தென் இங்கிலாந்தின் மீது பறந்து எடுத்த ஒளிப்படங்கள் 1928-இல் நூலாக வெளிவந்தன. உழவர்கள் நாள்தோறும் நடந்து திரிந்த வயல்களிலேயே, எவரும் அறியாத பழைய வரப்புகளும் அகழிகளும் அப்படங்களில் கோடுகோடாகத் தெரிந்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. முற்காலத்தில் வெட்டிப் பின்னர்த் தூர்ந்துபோன அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அதன்மேல் வளரும் பயிர் சற்றே உயர்ந்து பசுமையாக நிற்கும். புதையுண்ட சுவரின்மேல் வளரும் பயிரோ வேர் ஊன்ற இடமின்றி வெளிறிப்போகும். வயலில் நிற்பவர், ‘இங்கே பயிர் ஒரு சீராக இல்லையே’ என்று மட்டும் எண்ணுவார். வானில் பறப்பவரோ ஒரு வட்டத்தையோ சதுரத்தையோ முழுமையாகக் காண்பார்.

நம் நாட்டில் 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளுடன் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அன்று கடிதங்களுக்குக் கிட்டிய அந்த வான்வழி இன்று ஆயிரமாயிரம் பேருக்குக் கிட்டுகிறது. ஆனால் சாளர இருக்கையைக் கேட்டுப் பெறுவோரிலும் பலர், விமானம் மேலெழுந்தவுடன் கண்ணயர்ந்து விடுகின்றனர். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே நான் பலமுறை பறந்ததுண்டு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தை ஒரு பாடவேளை என்றே கருதி வந்திருக்கிறேன். அப்பாடத்தின் சில பகுதிகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தெற்கு நோக்கிச் செல்லும்போது இடப்புறச் சாளரத்தில் கிழக்கு தெரியும். வடக்கு நோக்கித் திரும்பும்போது அதே இடப்புறச் சாளரத்தில் மேற்கு தெரியும். சுழல்விசிறி பூட்டிய சிறிய விமானமாக இருந்தால் இன்னும் நன்று. அது பெரிய விமானங்களைவிடத் தாழப் பறக்கும். வரப்பும் வாய்க்காலும் கண்ணுக்குத் தப்பா.

முதலில் மார்கழித் திங்கள் காலை ஒன்றில் தெற்கே செல்வோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில நாள் ஆகியிருக்கின்றன. விமானம் மேலெழுந்தவுடன் காண்பது சென்னைக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் நீர்நிலைகள். பிறைபிறையாக, வில்வில்லாக, நூற்றுக்கணக்கான நீர்ப்பரப்புகள் காலை வெயிலில் ஒளிர்கின்றன. இவை இயற்கை அமைத்தவையா என்று புதிதாகக் காண்போர் கேட்பதுண்டு. சற்று உற்று நோக்கினால் விடை தாமே கிடைக்கும். ஒவ்வொரு நீர்ப்பரப்பிலும் ஒரு பக்கம் மட்டும் செம்மையான வளைகோடாக இருக்கிறது. மறுபக்கம் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கிறது. அந்த வளைகோடுதான் மனிதன் எழுப்பிய கரை.

ஏரி என்பது நாற்புறமும் தோண்டிய பள்ளம் அன்று. சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டி வளைவான கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரை மறித்தார்கள் நம் முன்னோர். உயர்ந்த பக்கம் திறந்தே இருக்கும். வரத்துக்கால்கள் அவ்வழியே நீரைக் கொணரும். கரையில் மதகு வைத்து வயலுக்கு நீர் விட்டனர். மிகுந்த நீர் கரையை உடைத்துவிடாதபடி ஓரத்தில் கலிங்கு கட்டினர். ஒரு கலிங்கிலிருந்து வழிந்த நீர் கீழேயுள்ள அடுத்த ஏரிக்குச் சென்றது. அது நிரம்பியபின் அதற்கடுத்த ஏரிக்குச் சென்றது. தொண்டை நாட்டு நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்வதால், விற்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கமே வளைந்திருக்கின்றன. நிலத்தின் சரிவை அக்காலத்தார் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பது அரசின் கணக்கு. இவற்றை ஏரி என்று வடக்கிலும், கண்மாய் என்று மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலும், குளம் என்று திருநெல்வேலியிலும் வழங்குவர். சிற்றேரிக்குத் தாங்கல் என்றும் ஒரு பெயர் உண்டு. சென்னை விமான நிலையத்துக்கு அடுத்துள்ள ஊரின் பெயர் பழவந்தாங்கல் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சிறிது நேரத்தில் மதுராந்தகம் ஏரி ஏறக்குறைய நேர் கீழே வருகிறது. மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஆண்டுதோறும் உடைந்துகொண்டிருந்த இவ்வேரியின் கரையைச் செப்பனிட்டார். பெருமழை பெய்த ஓர் இரவில் இராமபிரானே வில்லேந்தி நின்று கரையைக் காத்தார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ‘ஏரிகாத்த இராமர்’ என்னும் பெயர் அக்கோயிலுக்கு இன்றும் வழங்குகிறது. கரை உடைந்தால் ஊர் அழியும் என்ற அச்சமும், கரை நின்றால் ஊர் வாழும் என்ற நம்பிக்கையும் அப்பெயரில் அடங்கியுள்ளன. அருகேயுள்ள வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் மரங்கள், வானிலிருந்து நீருக்கு நடுவே பசும்புள்ளிகளாகத் தெரிகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், சட்டம் எதுவும் வருமுன்னரே அவற்றைக் காத்து வந்தனர்.

இன்னும் தெற்கே செல்லும்போது, கிழக்கே நெடுந்தொலைவில் ஒரு வெள்ளிக்கீற்று தெரியும். அதுவே வீரநாராயண ஏரி. இக்காலத்தார் வீராணம் என்பர். வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயர். பத்தாம் நூற்றாண்டில் அவன் மகன் இராசாதித்தன் இவ்வேரியை வெட்டுவித்தான் என்பர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இவ்வேரிக்கரையில்தான் தொடங்குகிறது. கொள்ளிடத்தின் நீர் வடவாறு வழியாக இவ்வேரியை அடைகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் இங்கிருந்து குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வயலுக்கென்று வெட்டிய ஏரி, இன்று மாநகரத்தின் தாகம் தணிக்கிறது! தலைநகரில் குழாயைத் திறப்பவர் சோழரின் கைவேலைக்கும் சிறிது கடன்பட்டவர் ஆகிறார்.

திருச்சிராப்பள்ளியை அணுகும்போது காட்சி மாறுகிறது. காவிரி மேலணையில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி, வடகிளை கொள்ளிடம். இடையே திருவரங்கம் ஒரு நீண்ட தீவாகக் கிடக்கிறது. தீவின் கிழக்கு முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. இடையிலே தடை இல்லாவிடின், காவிரியின் நீர் அங்கே கொள்ளிடத்தில் விழுந்து நேரே கடலுக்குப் போய்விடும். தஞ்சை நாடு வறண்டுபோகும். அந்த ஒரே இடத்தில்தான் கல்லணை நிற்கிறது. கரிகாலன் கட்டியது என்று மரபு போற்றும் அவ்வணை ஏன் அங்கே கட்டப்பட்டது என்பதைப் பாடநூல் ஒரு பக்கத்தில் விளக்கும். சாளரம் ஒரு நொடியில் விளக்கிவிடும்.

மணலின் மேல் கல்லை அடுக்கி நிலைக்கச் செய்த அந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் ஆராய்ந்து கற்றார். 1830-களில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பியபோதும் அக்கல்வி அவருக்குத் துணைநின்றது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியின் வெள்ளம் கட்டுக்குள் வந்தது. ஆயினும் 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது, மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றை ஒருமுறை அடக்கிவிட்டோம் என்று எவரும் ஓய்ந்திருக்க இயலாது.

கல்லணைக்கு அப்பால் கிழக்கே நோக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. உலகில் ஆறுகள் பெரும்பாலும் கடலை நெருங்க நெருங்க அகன்று செல்லும். காவிரியோ குறுகிச் செல்கிறது. கிளையாறு, வாய்க்கால், கண்ணி என்று தன்னைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே போய், இறுதியில் சிறு ஓடையாகக் கடலைச் சேர்கிறது. இழந்த நீரெல்லாம் இருபுறமும் பசுமையாக விரிந்து கிடக்கிறது.

இனிச் சித்திரைத் திங்களில் மதுரையிலிருந்து திரும்புவோம். மேற்குப் பக்கத்தைப் பார்ப்போம். வைகை வெண்மணலாகக் கிடக்கிறது. யானைமலை படுத்த யானைபோலவே வானிலிருந்தும் தோன்றுகிறது. அதற்கப்பால் சில குன்றுகள் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. கல் எடுத்த குழிகளில் பச்சை நீர் தேங்கியிருக்கிறது. மார்கழியில் நீரும் வயலுமாகக் கண்ட நாடு இப்போது பழுப்பு நிறம் பூண்டிருக்கிறது. அப்பழுப்புக்கு நடுவே பிறை வடிவில் அடர்ந்த பசுமை சில இடங்களில் தெரிகிறது. அது பயிரின் பசுமை என்று மகிழ்ந்துவிட வேண்டா. அவை ஏரிகளின் உட்பகுதிகள். அங்கே மண்டிக் கிடப்பது சீமைக் கருவேலம். நீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்கிறது. பயிர் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பழைய வரைபடம் தலைகீழாகிவிட்டது எனலாம்.

வடக்கே வர வர மற்றொரு மாற்றமும் தெரிகிறது. வளைகோடுகளின்மேல் நேர்கோடுகள் ஏறுகின்றன. நெடுஞ்சாலைகள் வரத்துக்கால்களைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. வீட்டுமனைகளுக்கென்று அளந்து நட்ட கற்கள், ஏரியின் நீர்பிடிப் பகுதியிலேயே கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சென்னையை அணுகியதும் நேர்கோடுகள் முழுவெற்றி பெற்றுவிடுகின்றன. இன்று தியாகராய நகர் என்று வழங்கும் பகுதிக்கு அருகே, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்ட ஒரு பேரேரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்து நகரை விரிவாக்கினர். ஏரிக்கரையை நினைவூட்டும் தெருப்பெயர்கள் மட்டும் அங்கே எஞ்சியுள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி மறைந்து, ஒரு சிறு பகுதியே மிஞ்சியது. அம்மிச்சத்துக்கு 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு ஏற்பு கிடைத்தது.

இதன் விளைவு என்ன? 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீரும், அடையாற்றுக்கு வழியும் பல ஏரிகளின் நீரும் ஒன்றாகத் திரண்டன. வெள்ளம் நகரில் புகுந்து பல உயிர்களைப் பறித்தது. விமான நிலையத்தின் ஓடுபாதையும் நீரில் மூழ்கி, நிலையம் சில நாள் மூடப்பட்டது. நான்கு ஆண்டு கழிவதற்குள், 2019 கோடையில், நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டு வெடித்தன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. ஒரே நகரம் நீரில் மூழ்கவும் நீரின்றித் தவிக்கவும் நான்கு ஆண்டுகளே இடைவெளி! மழையை நிறுத்தி வைக்கும் இடங்களை இழந்த நகருக்கு இவ்விரண்டும் ஒருசேர வருவது இயல்பே.

ஏன் இவ்வாறு ஆயிற்று என்பதை வானிலிருந்து அறிய இயலாது. அதற்குக் கீழே இறங்கி வரவேண்டும். ஆகவே ஒருமுறை உத்திரமேரூருக்குச் சென்றேன். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த புகழ்பெற்ற கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த செய்தியை மாணவர்கள் அறிவார்கள். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் ஓராண்டு. சொந்த நிலமும் மனையும் உடையவரே வாரியத்தில் அமரத் தகுதி பெற்றனர். கரைக்கு மண் சுமந்த ஏழையின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இக்குறையையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு: ஏரியைக் காப்பதற்கென்று ஊர் கூடியது, விதி வகுத்தது, ஆள் அமர்த்தியது, கணக்குக் கேட்டது.

அவ்வூர் ஏரிக்கரையில் நடந்தபோது முதியவர் ஒருவரைக் கண்டேன். “முன்னெல்லாம் மதகை என்றைக்குத் திறப்பது, யார் வயலுக்கு முதலில் விடுவது என்று ஊர் கூடித்தான் பேசுவோம், ஐயா. சண்டையும் வரும், சமாதானமும் ஆகும். இப்போது ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு மோட்டார். கூட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது” என்றார். பல நூல்களைப் புரட்டியும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்காத ஒன்றை அவர் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

ஏரி ஒருவருக்கு உரியதன்று. கரையை ஒருவர் காக்க முடியாது. நீரை ஒருவர் பங்கிட முடியாது. மேலூர் ஏரியின் கலிங்கு உயர்ந்தால் கீழூர் ஏரி வறளும். ஆகவே ஒவ்வோர் ஏரிக்கும் பின்னே ஓர் உடன்பாடு இருந்தது. வானிலிருந்து நாம் காணும் அப்பிறை வடிவங்கள் அவ்வுடன்பாடுகளின் வடிவங்களே. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிப் பொறுப்பு மெல்ல மெல்ல ஊரின் கையிலிருந்து அரசுத் துறையின் கைக்குச் சென்றது. ஊரார் தாமே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் தேய்ந்தது. மின்சார இறைப்பான் பரவியபின் உழவனுக்கு நிலத்தடி நீர் தனியுடைமை ஆயிற்று. தேவை போனது, கூட்டம் கலைந்தது, கரை தேய்ந்தது, முள் முளைத்தது. குடிமராமத்து என்னும் பெயரை 2017-இல் அரசு ஒரு திட்டத்தின் வாயிலாக மீட்டெடுத்தது. பெயரோடு ஊர்கூடும் வழக்கமும் மீண்டால்தான் பயன் நிலைக்கும்.

மாணவ நண்பர்களே! இப்பாடத்தைப் படிக்க உங்களுக்கு விமானச்சீட்டுத் தேவையில்லை. செயற்கைக்கோள் எடுத்த படங்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. உங்கள் ஊரை அதில் தேடுங்கள். வளைகோடு ஒன்றைக் கண்டால் அதுவே உங்கள் ஏரியின் கரை. அதன் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலிங்கு நீர் எந்த ஏரிக்குச் செல்கிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். அதன்பின் கால்களால் நடந்து பாருங்கள். வைகைக் கரையில் தொல்லியல் அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று ஆய்ந்தபோதுதான், பழைய மக்கள் வாழ்ந்த இடங்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றே இன்று உலகம் பேசும் கீழடி. உயரத்துப் பார்வை எங்கே தேடுவது என்று காட்டும். தேடிக் காண்பது கால்களின் வேலை.

நடக்கும்போது ஊரின் முதியோரைக் கேளுங்கள். மதகுக்குப் பெயர் உண்டா? கடைசியாகக் கலிங்கு வழிந்தது எந்த ஆண்டு? நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி யார்? கரைக்கு மண் போட்டவர் எவர்? விடைகளை ஒரு குறிப்பேட்டில் ஆண்டும் பெயரும் இட்டு எழுதி வையுங்கள். உத்திரமேரூர்ச் சுவரில் இடம்பெறாதவர்களின் பெயர்கள் உங்கள் குறிப்பேட்டில் இடம்பெறட்டும். அவ்வேரியை மீட்க ஊரார் என்றேனும் கூடுவார்களாயின், வரத்துக்கால் எவ்வழியே வந்தது என்று முதலில் கேட்பார்கள். அன்று அக்குறிப்பேட்டை எடுத்து அவர்கள் முன் வைக்கலாம்.